டன்ஃபர்த் கணக்கில் போனவன்

மேட்டு நிலத்தில் வருஷாவருஷம் கல் முளைக்கும். பனிக்காலம் முழுக்க மண் உறைந்து உப்பிக் கிடக்கும். ஏப்ரலில் இளகித் தணியும்போது, போன வருஷம் அங்கே இல்லாத கற்களெல்லாம் மேலே வந்து உட்கார்ந்திருக்கும். ஆல்வா டெனி எருதுகளைச் சறுக்குப் பலகையில் பூட்டி, கடப்பாரையால் கல்லை நெம்பிப் பலகையில் உருட்டி, ஓரத்துக்கு இழுத்துப்போய்ச் சுவரில் அடுக்குவார். இருபத்து நான்கு வருஷமாக இதே வேலை. மூன்று பக்கம் இடுப்புயரச் சுவர் எழும்பிவிட்டது. நாலாம் பக்கம் பாதியில் நிற்கிறது. இந்த மலையில் தட்டுப்பாடில்லாமல் விளைவது இது ஒன்றுதான் என்று பக்கத்துப் பண்ணை நேதன் ரக் சொல்வான்.

ஆனாலும் அந்தப் பதினோரு ஏக்கர் இல்லையென்றால் டெனி குடும்பத்துக்குப் பிழைப்பில்லை. கீழே ஓடையை ஒட்டிய பழைய நிலம் ஆறு மாட்டுக்குத்தான் புல் தரும். மேட்டு நிலம் வந்த பிறகுதான் கொட்டகையில் பதினான்கு மாடு, சந்தைக்கு வெண்ணெய், கூரைக்குப் புது ஓடு. அதை வாங்கியது 1864 பிப்ரவரியில், உள்நாட்டுப் போர் நடந்தபோது. மகன் லைமன் பட்டாளத்தில் சேர்ந்ததற்காக, தன் பங்கு ஆள் எண்ணிக்கையை நிரப்ப வேண்டியிருந்த டன்ஃபர்த் ஊர் கொடுத்த முந்நூறு டாலரில்.

லைமன் அந்த ஜூலையில் வர்ஜீனியாவில் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்தான். வெடிவைத்துப் பிளந்த பள்ளத்துக்குள் இறங்கிய கூட்டத்தில் அவனும் இறங்கினான். மேலே ஏறி வந்தவர்களில் அவன் இல்லை. உடம்பும் வரவில்லை. கல்லறைத் தோட்டத்தில், டெனி வரிசையில், அவனுக்கென்று ஓர் இடம் விட்டுவைத்தார்கள். அதில் இப்போது காட்டு ஸ்ட்ராபெரி படர்ந்திருக்கிறது.

1888 மார்ச் ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை, அவர்கள் ஊரான ஹார்வெல்லில் ஊர்க்கூட்டம். எந்தச் சாலைக்கு யார் சரளை கொட்டுவது, அவிழ்த்துக்கொண்டு ஓடும் மாட்டை யார் பட்டியில் அடைப்பது என்று காலை முழுவதும் போயிற்று. மதியம் பெண்கள் பீன்ஸ் பானையும் கறுப்பு ரொட்டியும் ஆப்பிள் பை பலகாரமும் பரிமாறினார்கள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது. தட்டுத் துடைக்கிற சாக்கில் பின் பெஞ்சில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்பார்கள். அன்று ஆல்வாவின் மனைவி ஆர்ஃபாவும் அங்கே இருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு டீக்கன் ஹொரேஸ் பெல்ட்டன் எழுந்தார். தேவாலயத்தில் டீக்கன், முப்பது வருஷமாக ஊர் எழுத்தர், நினைவுச்சின்னக் கமிட்டிக்கும் தலைவர்.

"கருங்கல் சிப்பாய், ஏழடி. பீடம் தனி. பீடத்துல முப்பத்தொரு பேரு. மே முப்பதாம் தேதி, செத்த சிப்பாய்ங்களுக்குப் பூ வைக்கிற நாள்ல, திறப்பு. இப்ப பேர வாசிக்கிறேன். தப்பு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. கல்லுல வெட்டினப்புறம் வந்து மூக்கச் சிந்தக்கூடாது."

ஆங்கில அகர வரிசையில் வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் அறையில் எங்காவது ஒரு தலை குனிந்தது. 'ரிவார், ஆன்செல்ம்' என்றபோது ஒரு தலையும் குனியவில்லை. அடுத்து 'ரக், பெஞ்சமின்.' நேதனுடைய அண்ணன் பென். அப்புறம் ஸ்டோடர்ட், அப்புறம் தேயர். ஸ்டோடர்டுக்கும் தேயருக்கும் நடுவில், 'T' எழுத்தின் தொடக்கத்தில், டெனி வந்திருக்க வேண்டும். பின்னால் தட்டுத் துடைக்கிற சத்தங்களில் ஒன்று நின்றுபோனதை ஆல்வா கேட்டார்.

நேதன் ரக் எழுந்து நின்றான். அவனுடைய காலியான இடது சட்டைக்கையைத் தோளோடு மடித்து ஊசி குத்தியிருக்கும்.

"டீக்கனய்யா, ஒரு ஆள முழுங்கிட்டீங்க."

"யார?"

"லைமன் டெனிய."

"முழுங்கல. லைமன் டன்ஃபர்த் கணக்கு."

"கணக்கு கெடக்கட்டும். நானும் அவனும் ஒரே பெஞ்சுல உக்காந்து அடி வாங்கினவங்க. பள்ளிக்கூடத்து ஜன்னல் ஒடைஞ்சதே, அது நாங்க ரெண்டு பேரும்தான்."

"நீதான்னு எங்களுக்கு அப்பவே தெரியும்டா" என்று முன்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. சிரித்தார்கள். நேதன் சிரிக்கவில்லை.

"ரிவார்னு ஒரு பேரு வாசிச்சீங்களே, அந்தப் பிரெஞ்சுக்காரன் இந்த ஊர்ல எத்தன நாள் இருந்தான்?"

"ரெண்டு நாள்."

"மரம் வெட்ட கனடாவுலேருந்து வந்தவன். நம்ம ஊர் நூறு டாலர வாங்கினான். சண்டையக் கண்ணால பாக்கல. பிராட்டில்பரோ முகாம்லயே தட்டம்மை வந்து போய்ச் சேந்தான். அவன் கல்லுல இருப்பான், இந்த ஊர்ப் பால் குடிச்சு வளந்தவன் இருக்க மாட்டானா?"

"நம்ம கணக்குல செத்தான் நேதன்" என்றார் பெல்ட்டன். குரல் உயரவில்லை. "ஊருக்கு இத்தன ஆள் தரணும்னு மாநிலம் கேட்டுச்சு. தந்தோம். தந்த ஆளோட பேரெல்லாம் அச்சடிச்ச புத்தகத்துல ஹார்வெல்ங்குற தலைப்புக்குக் கீழ இருக்கு. ரிவார் இருக்கான். லைமன் டன்ஃபர்த்துக்குக் கீழ இருக்கான். ஒரு பேருக்கு விலக்குக் குடுத்தா, நாளைக்கு ஒவ்வொருத்தனும் சித்தப்பன் மகனக் கூட்டிட்டு வருவான். இன்னொண்ணு, சொல்ல வேணாம்னு இருந்தேன். அந்தப் பையன் நம்ம நூறு வேணாம்னு டன்ஃபர்த் முந்நூறுக்குப் போனான். அவன் மேல எனக்கு வருத்தம் கெடையாது. ஆனா போனவன் போனவன்தான்."

எல்லாரும் ஆல்வா பேசுவார் என்று பார்த்தார்கள். அவர் இரும்பு அடுப்பின் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். லைமன் பெயரைச் சேர்க்கச் சம்மதிப்பவர்கள் கை தூக்கலாம் என்றார் பெல்ட்டன். ஒன்பது கைகள்தான் எழுந்தன; போதவில்லை. நேதன் தன் ஒரே கையை விறைப்பாகத் தூக்கி நின்றான். ஆல்வாவின் கை தொடைமேல் கிடந்தது. தூக்க வேண்டும் என்றுதான் நினைத்தார். எதற்காகத் தூக்காமல் இருந்தார் என்பதை அவரைத் தவிர அந்த அறையில் இன்னும் ஒருவர் அறிந்திருந்தார்.

வீட்டுக்குத் திரும்பும்போது சறுக்குவண்டியில் ஆர்ஃபா பானையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க."

"என்னத்தச் சொல்ல?"

"பெத்தவன்னு சொல்லலாம்ல. அதுக்குக்கூடவா கமிட்டி அனுமதி வேணும்?"

குதிரையின் முதுகிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. பாலம் தாண்டியதும் அவளே மறுபடி தொடங்கினாள்.

"எல்லாம் அந்த மில்லுப் பொண்ணால வந்தது. அவளப் பாக்கப் போயிதான் அங்கயே பேரக் குடுத்துட்டு வந்தான். பதினேழு வயசுல என்ன தெரியும்."

டன்ஃபர்த் கம்பளி மில்லில் லைமனுக்கு ஒரு பெண் இருந்தாள் என்பது ஆர்ஃபாவின் நம்பிக்கை. அவன் போன புதிதில் யாரோ சும்மா சொன்னது. அந்தப் பெண்ணுக்குப் பெயர் கிடையாது, முகம் கிடையாது. ஆனாலும் ஆர்ஃபா அவளைப் பல வருஷம் திட்டி, பிறகு மன்னித்து, இப்போது எங்கே எத்தனை பிள்ளைகளோடு இருக்கிறாளோ என்று யோசிக்கிற அளவுக்கு வந்திருந்தாள். ஆல்வா அந்தப் பெண்ணை உண்டாக்கவில்லை. இல்லை என்று சொல்லவும் இல்லை.

"பெல்ட்டன்கிட்ட நீங்க தனியாப் போய்க் கேளுங்க" என்றாள். "கூட்டத்துல முறைப்பா இருப்பான். வீட்டுல அவனும் மனுஷன்தான்."

அடுத்த வாரம் பெரும்பனி கொட்டியது. கொட்டகைக்கும் வீட்டுக்கும் நடுவில் கயிறு கட்டிக்கொண்டுதான் பால் கறக்கப் போனார்கள். பனி விட்டதும் மேப்பிள் மரங்களில் சாறு இறங்கத் தொடங்கியது. ஏப்ரல் இரண்டாம் தேதிதான் ஆல்வாவால் பெல்ட்டன் மேப்பிள் சாறு காய்ச்சும் சர்க்கரைக் கொட்டகைக்குப் போக முடிந்தது. உள்ளே நீராவியில் ஆள் முகம் தெரியவில்லை. பெல்ட்டன் நீளக் கரண்டியால் கொதிக்கிற பாகில் நுரை எடுத்துக்கொண்டிருந்தார்.

"வா ஆல்வா. அந்தக் கட்டையில உக்காரு. நீ எதுக்கு வந்திருக்கன்னு தெரியும்."

"அவ தூங்கவே மாட்டேங்குறா."

"தெரியும்." பெல்ட்டன் நுரையை வாளியில் தட்டினார். "கூட்டத்துல நான் ஒண்ணச் சொல்லாம விட்டேன். கவனிச்சியா?"

ஆல்வா கட்டையில் உட்கார்ந்தார்.

"அந்த ஜனவரியில டன்ஃபர்த்துக்கு வண்டிய ஓட்டிட்டுப் போனது நீதான். நான் பாலத்துக்கிட்ட நின்னுட்டிருந்தேன். பையன் பின்னால கம்பளியப் போத்திக்கிட்டு உக்காந்திருந்தான், எனக்குக் கை ஆட்டினான். கூட்டத்துல பின் பெஞ்சுல ஆர்ஃபா இருந்தா. அதனால சொல்லல."

"நல்லது செஞ்சீங்க."

"நல்லதா கெட்டதா தெரியல. செஞ்சேன்." அவர் கரண்டியைத் தூக்கிப் பாகு சொட்டுவதைப் பார்த்தார். இன்னும் பதம் வரவில்லை. "ஒரு வழி இருக்கு. டன்ஃபர்த் எழுத்தர்கிட்ட ஒரு தாள் வாங்கிட்டு வா. லைமன எங்க கணக்குலேருந்து விட்டுக்குடுத்துட்டோம்னு எழுதி, முத்திரை போட்டு. கல்லு வெட்டுறவன் இந்த மாசக் கடைசி வரைக்கும் பொறுப்பான். ஸ்டோடர்டுக்குக் கீழ ஒரு வரி இடம் விடச் சொல்றேன்."

அந்த ஒரு வரி இடத்தை நினைத்துக்கொண்டே ஆல்வா வீட்டுக்கு நடந்தார். ஆர்ஃபாவிடம் சொன்னபோது அவள் கையில் இருந்த மாவைத் துடைக்காமலே அவர் தோளைத் தொட்டாள்.

ஏப்ரலில் சாலை முழுக்கச் சேறு. வண்டி அச்சுவரை புதையும். பதினெட்டாம் தேதி அவர் குதிரைமேல் ஏறி டன்ஃபர்த்துக்குப் போனார். மூன்று மணி நேரம். கோட்டுப் பையில் ஆர்ஃபா சோள ரொட்டியும் உப்புப் பன்றித் துண்டும் வைத்திருந்தாள்.

மில்லின் வாசலுக்கு எதிரே டன்ஃபர்த்தின் நினைவுக்கல் நின்றது. நாலு வருஷம் முன்னால் வைத்தது. குதிரையை நிறுத்தி நாலு பக்கமும் சுற்றிவந்து பார்த்தார். 'எங்கள் வீரர்களுக்கு' என்று ஒரு பக்கம். மறுபக்கம், அதைவிடப் பெரிய எழுத்தில், கல்லைக் கொடுத்த மில் முதலாளியின் பெயர். மற்ற இரண்டு பக்கமும் வழுவழுவென்று இருந்தன. அவர் கையால் தடவிக்கூடப் பார்த்தார்.

ஊர் அலுவலகத்தில் இருந்த எழுத்தருக்கு முப்பது வயதுக்குள் இருக்கும். மரியாதையானவன். ஏணி போட்டு ஏறிப் பழைய புத்தகத்தை இறக்கித் தூசி ஊதித் திறந்தான்.

"டெனி, லைமன். பதினேழு வயசு. விவசாயி. முந்நூறு குடுத்திருக்கு. பதினெட்டு ஆகாததால தகப்பனார் சம்மதக் கையெழுத்து." விரலை வைத்துக் காட்டினான். "இது நீங்கதானுங்களா?"

"நான்தான்."

தன் கையெழுத்து இவ்வளவு தெளிவாக, இவ்வளவு அழுத்தமாக இருக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

"விட்டுக்குடுத்ததா எழுத முடியாதுங்க. நாங்க காசு குடுத்தோம், மாநிலம் ஆள எண்ணிக்கிட்டு ரசீது குடுத்திருச்சு. இப்ப விட்டா எங்க எண்ணிக்கையில ஒண்ணு கொறையும்."

"சண்டை முடிஞ்சு இருபத்து மூணு வருஷம் ஆச்சே தம்பி."

"ஆச்சுங்க. ஆனா புத்தகம் அப்படியேதான இருக்கு."

"அப்ப உங்க கல்லுலயாவது அவன் பேர வெட்டுவீங்களா?"

அவன் சங்கடமாகச் சிரித்தான். "எங்க கல்லுல பேரே கெடையாதுங்களே. நூத்தி எண்பது பேரு. பாதிப்பேரு உங்க பையன் மாதிரி வெளியூரு. அவங்க யாரு எவருன்னு இங்க ஒருத்தருக்கும் தெரியாது. எழுதி என்ன செய்ய?"

திரும்பும் வழியில் ஆல்வா ரொட்டியைத் தின்னாமல் குதிரைக்குக் கொடுத்தார். அதே சாலைதான். லைமனைக் கூட்டிப்போன அன்று ஜனவரி, பனி கெட்டியாக இருந்தது. லைமன் பின்னாலிருந்து கேட்டான்: "அப்பா, நேதனும் பென்னும் நம்ம ஊர்லயே பேர் குடுக்குறாங்க. நானும் அவங்களோடயே போறேனே." அவர் திரும்பாமலே சொன்னார்: "எங்க குடுத்தாலும் ஒரே நீலக் கோட்டுதான், ஒரே சண்டைதான். கூட வர்ற இருநூறுல மேட்டு நிலம் வந்துரும். நீ வந்து உழப்போற நிலந்தான் அது." பையன் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டான். அப்புறம் "சரிப்பா" என்றான். நேதனும் பென்னும் ஒரு படையில் சேர்ந்து போனார்கள். லைமன் முகம் தெரியாத டன்ஃபர்த் ஆட்களோடு வேறு படையில் போனான்.

வீட்டு வாசலில் ஆர்ஃபா நின்றுகொண்டிருந்தாள்.

"குடுத்தானா?"

"எழுத்தர் ஊர்ல இல்ல. இன்னொரு நாள் போறேன்."

இன்னொரு நாள் அவர் போகவில்லை. விதைப்பு வந்துவிட்டது, வேலி சரிந்துவிட்டது, ஒரு பசு கன்று போட முடியாமல் இரண்டு நாள் கிடந்தது. மாதக் கடைசியும் போயிற்று. கல் வெட்டுபவன் ஸ்டோடர்டுக்குக் கீழே இடம் விடாமல் தேயரை வெட்டிவிட்டான் என்று நேதன் வந்து சொன்னான்.

மே பன்னிரண்டாம் தேதி, சனிக்கிழமை. அடுப்பில் பீன்ஸ் பானை காலையிலிருந்து கொதித்துக்கொண்டிருந்தது. விறகுக் கொட்டகையில் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து விதை உருளைக்கிழங்கு வெட்டினார்கள். ஒவ்வொரு துண்டிலும் இரண்டு முளைக்கண்ணாவது இருக்க வேண்டும். ஆர்ஃபாவின் கத்தி பார்க்காமலே கண்களை எண்ணிக்கொள்ளும்.

"நான் யோசிச்சுப் பாத்துட்டேன்" என்றாள். "பெல்ட்டன் மேல தப்பு இல்ல. டன்ஃபர்த்காரன் மேலயும் தப்பு இல்ல. நம்ம பையன் அவசரக்காரன். ஒரு பொண்ணுக்காகச் சொந்த ஊர விட்டான். ஊரு அவன விட்டுருச்சு. செத்தவனச் சொல்லக்கூடாது, ஆனா அவன்தான செஞ்சுக்கிட்டான்."

ஆல்வா கத்தியைக் கீழே வைத்தார்.

"பொண்ணு யாரும் இல்ல ஆர்ஃபா."

அவள் அடுத்த கிழங்கை எடுத்தாள்.

"நான்தான் கூட்டிட்டுப் போனேன். அவன் இங்கயே பேர் குடுக்குறேன்னான். நேதனோட போறேன்னான். நான்தான் மேட்டு நிலம் வாங்கலாம்னு சொன்னேன். என் கையெழுத்து அந்தப் புத்தகத்துல இருக்கு. போன மாசம் பாத்தேன். எழுத்தர் ஊர்லதான் இருந்தான்."

"எவ்வளவு?" என்றாள்.

"என்ன எவ்வளவு?"

"அங்க கூடுதலா எவ்வளவு?"

"இருநூறு."

அவள் கிழங்கைத் திருப்பிப் பார்த்து, இரண்டாக வெட்டி, கூடையில் போட்டாள். பிறகு அடுத்தது. மூட்டை தீரும்வரை வெட்டினாள். அவரும் வெட்டினார். வேறென்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சாயங்காலம் பீன்ஸைப் பரிமாறிவிட்டு, தன் தலையணையையும் போர்வையையும் எடுத்துக்கொண்டு மாடியில் லைமனின் அறைக்குப் போனாள்.

அதிலிருந்து அவரோடு பேசவில்லை. சமையல் நின்றதில்லை. காலையில் காப்பி, மதியம் வெந்த இறைச்சியும் டேண்டலியன் கீரையும், தட்டு நேரத்துக்கு வரும். ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் தொழுவத்தில் மாட்டிடம் சொல்வாள். "அந்தக் கதவோட கீல் கழண்டிருக்கு, பெரியவளே. யாராவது பாத்தாத் தேவலை." ஆல்வா மறுபக்கம் இன்னொரு மாட்டின் மடியில் தலை சாய்த்துக் கறந்தபடி கேட்டுக்கொள்வார். கறந்து முடித்ததும் போய்க் கீலைச் சரி பண்ணுவார்.

இருபத்தைந்தாம் தேதி பெல்ட்டனின் மனைவி சோஃப்ரோனியா வந்தாள். சமையலறை நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, கையுறையைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டாள். ஆல்வா பின்கட்டில் பால் வடிகட்டிக்கொண்டிருந்தார்.

"ஆர்ஃபாக்கா, ஒண்ணு கேக்கணும். தப்பா எடுத்துக்கக் கூடாது."

"கேளு."

"புதன்கிழமை ஒவ்வொரு பேரா வாசிப்பாங்க. அந்தந்த வீட்டுப் பொம்பளைங்க மாலை கொண்டுபோய் வைக்கணும். முப்பது பேருக்கு ஆள் இருக்கு. அந்தப் பிரெஞ்சுக்காரனுக்குத்தான் ஒருத்தரும் இல்ல. கூப்பிட்டு யாரும் வராம நின்னா நல்லா இருக்காது. கமிட்டியில எல்லாரும் யோசிச்சப்ப..."

"எனக்கு வேற பேரு இல்லைங்குறதால என்னய நெனச்சீங்க."

சோஃப்ரோனியாவின் கழுத்து சிவந்தது. "நான் வேணாம்னுதான் சொன்னேன்க்கா."

ஆல்வா கையில் வடிகட்டித் துணியோடு வாசலுக்கு வந்துவிட்டார். இந்தப் பெண்ணை வெளியே போகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அதற்கும் தனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை.

"என்ன பூவு?" என்று கேட்டாள் ஆர்ஃபா.

"லைலாக். எல்லாரும் அதுதான்."

"எங்க வாசல்ல இருக்கு."

புதன்கிழமை வெயில். திடலில் பெஞ்சு போட்டிருந்தார்கள். சிப்பாயின் மேல் ஒரு வெள்ளைத் துணி. கயிற்றை இழுத்தபோது துணி துப்பாக்கி முனையில் மாட்டிக்கொண்டது. சிப்பாய் பாதி முகத்தோடு நின்றான்.

"சரியாத்தான் இருக்கு" என்றான் நேதன், பக்கத்தில் இருந்த ஆல்வாவிடம். "நாங்கெல்லாம் இப்படி முக்காடு போட்டுக்கிட்டுத்தான் மாமா சண்டைக்குப் போனோம்." ஆல்வா சிரிக்க முயன்றார். ஒருவன் ஏணி வைத்து ஏறித் துணியை எடுத்தான்.

பெயர்களை வாசித்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பெண் எழுந்து போய் மாலையை வைத்துவிட்டு வந்தாள். சிலர் அழுதார்கள். இத்தனை வருஷத்துக்குப் பிறகு சிலருக்கு அழுகை வரவில்லை, மாலையை மட்டும் ஒழுங்குபடுத்திவிட்டு வந்தார்கள். "ரிவார், ஆன்செல்ம்." ஆர்ஃபா எழுந்தாள். கறுப்பு உடுப்பு, கையில் லைலாக். அவள் நடந்தபோது பெஞ்சுகளில் ஒரு சின்ன முணுமுணுப்பு ஓடி அடங்கியது. மாலையை வைத்துவிட்டு, மற்றவர்களைவிடக் கொஞ்ச நேரம் அதிகமாகக் குனிந்து நின்றாள். ஆல்வாவுக்கு அவள் முதுகு மட்டும் தெரிந்தது. அவள் வரும்வரை பெல்ட்டன் அடுத்த பெயரை வாசிக்காமல் காத்திருந்தார். அடுத்து ரக், ஸ்டோடர்ட், தேயர்.

முடிந்ததும் நீள மேசையில் எலுமிச்சைத் தண்ணீரும் டோனட்டும் வைத்தார்கள். ஆர்ஃபா நேராக நேதனிடம் போனாள்.

"நேதன், அந்தப் பையன நீ பாத்திருக்கியா?"

"யார அத்தை? பிரெஞ்சுக்காரனையா? பாத்தேன். முகாமுக்கு ஒரே வண்டியிலதான் போனோம்."

"எப்படி இருந்தான்?"

நேதன் டோனட்டைக் கையிலேயே வைத்துக்கொண்டு யோசித்தான். "ஒல்லியா. காது ரெண்டும் பெருசு. வழியெல்லாம் இருமினான். ஏதோ கேட்டுக்கிட்டே வந்தான். எங்க யாருக்கும் அவன் பேச்சு புரியல. நாங்க சிரிச்சோம். அப்புறம் சாடை காட்டினான், பால் வேணும்னு. வண்டியில பால் எங்க இருக்கு."

"அம்மா இருந்தாளா?"

"அது தெரியாது அத்தை. எல்லாருக்கும் இருக்கத்தான செய்வா."

சாயங்காலப் பால் நேரத்துக்கு முன்னால் வீடு போய்ச் சேர வேண்டும். ஆல்வா வண்டியைப் பூட்டினார். ஆர்ஃபா பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். அவள் கையில் இன்னும் லைலாக் மணம் இருந்தது. பாலம்வரை பலகைச் சத்தம் மட்டும்தான்.

"ஏங்க" என்றாள்.

பதினெட்டு நாளில் முதல் சொல். கடிவாளம் அவர் கையில் இறுகியது.

"சொல்லு."

"இந்தப் பையனுக்கு இன்னிக்கு நான் வச்சேன். அவனப் பெத்தவளுக்கு இது தெரியப்போறதில்ல. அவன் பேரு இந்த ஊர்க் கல்லுல இருக்குன்னே அவளுக்குத் தெரியாது. ஆனாலும் வச்சேன்ல."

"வச்ச."

"டன்ஃபர்த்லயும் கல்லு இருக்குதாம். சோஃப்ரோனியா சொன்னா. அங்கயும் இன்னிக்கு இதே மாதிரிதான் வச்சிருப்பாங்க. நம்ம பையன் பேர வாசிச்சு ஒருத்தரும் எந்திரிக்காம இருந்திருக்கும். அப்புறம் எவளாவது ஒருத்தி எந்திரிச்சுப் போயி வச்சிருப்பா. இருப்பால்ல அப்படி ஒருத்தி?"

அவர் குதிரையின் காதுகளைப் பார்த்தார்.

"இருப்பா."

"கல்லுல அவன் பேரு இருக்குல்ல? நீங்க போனப்ப பாத்தீங்களா?"

உண்மையைச் சொல்ல வாய் எடுத்தார். விறகுக் கொட்டகையில் ஒருதரம் சொன்னதுதான். அதற்குப் பிறகு அவள் ஏறிப்போன மாடிப்படி நினைவுக்கு வந்தது. அது மட்டும்தானா காரணம் என்று பிற்பாடு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டார்.

"பாத்தேன்" என்றார்.

"எந்தப் பக்கம்?"

"மில்லப் பாத்த பக்கம். கீழ."

"எழுத்து நல்லா இருக்கா?"

"தெளிவா இருக்கு."

ஆர்ஃபா நெடுமூச்சு விட்டாள். நாள் முழுக்க இறுக்கிக் கட்டியிருந்த தொப்பியின் நாடாவை அவிழ்த்தாள்.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல. நான் எத்தன நாள் கெடந்து அடிச்சுக்கிட்டேன்." கொஞ்ச தூரம் போனதும், "அடுத்த வருஷம் மே முப்பதுக்கு நாம அங்க போயிடலாம். நானே வைக்கிறேன். இந்த வருஷம் வச்சவ யாருன்னு விசாரிச்சு அவளையும் பாக்கணும். வெறுங்கையோட போகக்கூடாது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் உடுப்பைக்கூட மாற்றாமல் சரக்கறைக்குப் போனாள். இந்த வருஷ மேப்பிள் சர்க்கரையில் நல்ல நிறமாக வந்த இரண்டு டப்பாக்களை எடுத்துத் துடைத்து, மேல் தட்டில் தனியாக வைத்தாள்.

"இது டன்ஃபர்த்துக்கு. மறந்து எடுத்துடாதீங்க."

"இல்ல."

மாடிக்குப் போய்த் தலையணையையும் போர்வையையும் கீழே கொண்டுவந்தாள். அவர் பார்க்காததுபோல் பால் வாளிகளை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். தொழுவத்து வாசலில் அவற்றைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மாடுகளை இறக்கி ஓட்டி வர மேட்டு நிலத்துக்கு ஏறினார். அவை நிலத்தின் வேலிக்கதவருகே வந்து நின்று கத்திக்கொண்டிருந்தன. நாலாம் பக்கத்தில், போன வாரம் துப்புரவாகப் பொறுக்கிய இடத்தில், மழைக்கு மண் கரைந்து ஒரு கல் தலை காட்டியிருந்தது. குனிந்து இரண்டு கையாலும் பிடித்து அசைத்துப் பார்த்தார். சின்னக் கல் என்றுதான் நினைத்தார். விரலால் சுற்றிலும் தோண்டினார். கல் எல்லாப் பக்கமும் உள்ளே போய்க்கொண்டே இருந்தது.